ஸ்லைடு வெளியே வந்ததும் டிரெய்லர் சாய்கிறதா?

முகாம் டிரெய்லரின் ஸ்லைடு (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) வெளியே வந்ததும் அந்தப் பக்கம் தாழ்ந்ததாகவும், ஜாக்கால் தூக்கிய பின் மூலை உரசுவதாகவும் சொன்னீர்கள். அப்படித் தாழ்வது இயல்புதான். எடை அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு மாறுகிறது. அதைக் கத்தரி ஜாக்கால் (டிரெய்லரின் மூலைகளில் கத்தரி போல் மடங்கி விரியும் தாங்கி) தூக்கியதுதான் வினை. அது ஆட்டத்தை அடக்க மட்டுமே. தூக்கினால் டிரெய்லரின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். நீங்கள் சொன்ன மூலை உரசல் பெரும்பாலும் அதனால்தான்.

ஜாக்குகளைத் தளர்த்தி, ஸ்லைடை உள்ளே இழுங்கள். டிரெய்லரை இழுக்கும் வண்டியைக் கழற்றாமலே பக்கவாட்டு மட்டத்தைப் பாருங்கள். 24 அங்குல ரசமட்டத்தின் தாழ்ந்த முனையைக் கால் அங்குலம் தூக்கினால் குமிழி நடுவே நிற்கிறதா? இடது, வலது சக்கர இடைவெளி 6 அடி என்றால் தாழ்ந்த பக்க டயருக்கு அடியில் முக்கால் அங்குலப் பலகை போதும். இரட்டை அச்சானால் அந்தப் பக்கத்து இரு டயர்களுக்கும் வையுங்கள். ஸ்லைடு பக்கம் ஒரு நூல் தூக்கலாகவே இருக்கட்டும்.

சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்த பிறகே கழற்றுங்கள். முன்பின் மட்டத்துக்கு முன் ஜாக். கத்தரி ஜாக்குகள் தரையை இறுகத் தொட்டால் போதும். அவற்றை ஸ்லைடுக்கு முன் இறக்குவதா, பின்பா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், கையேட்டைப் பாருங்கள்.