தண்ணீர் தெளிவாக இருந்தும் புதுத் தொட்டியில் மீன் சாவது ஏன்?

கேள்வி: 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்து, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரும் ஏர் பம்பும் இரண்டு நாள் ஓடவிட்ட பிறகு பத்து தங்கமீன் விட்டேன். மூன்றாம் நாளே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாரம் முடிவதற்குள் ஏழு செத்துவிட்டன. தண்ணீரோ பளிச்சென்று இருக்கிறது. இது என்ன நோய்? எந்த மருந்து போடலாம்?

பதில்: நோய் எதுவும் இல்லை, மருந்தும் ஊற்றாதீர்கள். மெத்திலீன் புளூ போன்றவை இப்போது அந்தத் தொட்டியில் வளர வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும். உங்கள் மீன்கள் அம்மோனியாவில் செத்திருக்கின்றன. அது கண்ணுக்குத் தெரியாது, இந்த அளவில் வாடையும் வராது. அதனால் தண்ணீரின் தெளிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அதிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். வயலில் போட்ட யூரியா பயிருக்கு நைட்ரேட்டாகப் போய்ச் சேருவதும் இதே வழியில்தான். மண்ணில் இந்தப் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். புதுத் தொட்டியில் அது கிட்டத்தட்ட இல்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வளர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் கொடுத்தது இரண்டு நாள்.

இனி செத்த மீன் கிடைத்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் வீங்கி, கன்றிப்போய், சளி படிந்திருந்தால் அம்மோனியா பாதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சாக்லெட் போலப் பழுப்பாக இருந்தால் நைட்ரைட். நைட்ரைட் ரத்தத்தில் கலந்துவிட்டால் அந்த ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

முதலில் மிச்சமுள்ள மூன்று மீன்கள். நன்றாக ஓடும் பழைய தொட்டி ஒன்றில் இடம் கிடைத்தால் இன்றே மாற்றிவிடுங்கள். வழியில்லையென்றால் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதித்து, லிட்டருக்கு அரை மில்லிகிராமை நெருங்கினாலே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் திரவம் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சமாகப் போட்டால் போதும். அந்த மூன்றும் தொட்டியில் இருக்கும்வரை வெளியிலிருந்து அம்மோனியா ஊற்றக் கூடாது. பாக்டீரியாவுக்கு அவற்றின் கழிவே போதும்.

மீன்களை மாற்றிவிட்டால் வேலை சுலபம். ஃபில்டரையும் ஏர் பம்பையும் இரவு பகலாக ஓடவிட்டு, தண்ணீரை 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். பாக்டீரியாவுக்குத் தீனியாகத் தூய அம்மோனியம் குளோரைடு சுமார் ஒன்றேகால் கிராமைக் கரைத்து ஊற்றினால் உங்கள் 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். அதிகம் ஊற்றினால் வேகமாக வளரும் என்று நினைக்காதீர்கள். 5 மில்லிகிராமைத் தாண்டினால் பாக்டீரியாவே திணறும். வாசனையும் சோப்பும் கலந்த துப்புரவு அம்மோனியா பக்கமே போகாதீர்கள்.

சோதனைக்குச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் நல்லது. அம்மோனியா கிட் பெரும்பாலும் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் வகை. முதல் வாரம் அந்தப் பச்சை அசையாமல் நிற்கும். பிறகு பச்சை வெளுக்கத் தொடங்கும், அதே சமயம் நைட்ரைட் ஏறும். அம்மோனியா தீர்ந்ததும் மறுபடி ஊற்றுங்கள். அப்புறம்தான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். நைட்ரைட் உச்சத்தில் போய் இரண்டு மூன்று வாரம்கூட இறங்காமல் நிற்கும். பலர் இங்கேதான் அவசரப்பட்டு மீனை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நடுவில் தண்ணீர் பால்போலக் கலங்கினால் பயப்பட வேண்டாம், அது வேறு பாக்டீரியா பெருகுவது, தானே தெளியும்.

நாளாகியும் எண்கள் அசையவில்லையென்றால் pH, அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, பாருங்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, தண்ணீரிலுள்ள காரத்தன்மையில் ஏழு மில்லிகிராம் செலவாகிறது. மென்மையான தண்ணீரில் இது சீக்கிரம் தீர்ந்து pH சரியும். 6.5-க்குக் கீழே வேலை மந்தமாகும், 6-க்கு அருகில் ஏறக்குறைய நின்றே போகும். கொஞ்சம் சமையல் சோடாவோ பாதித் தண்ணீர் மாற்றுவதோ அதை மீட்கும். ஆனால் மீன் உள்ள தொட்டியில் அம்மோனியா இருக்கும்போது pH-ஐத் தடாலென்று ஏற்றாதீர்கள். pH 7-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருப்பதில்லை, 8-ல் அது ஐந்து பங்காகிவிடும்.

காலத்தைக் குறைக்க ஒரே நம்பகமான வழி, நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டரில் இருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வைப்பது. ஆகும் வாரங்கள் பாதியாகக் குறையலாம். பாட்டிலில் வரும் பாக்டீரியா சில சமயம் உதவும், சில சமயம் ஒன்றும் செய்யாது. எதைப் போட்டாலும் சோதனையை விடாதீர்கள்.

2 மில்லிகிராம் அம்மோனியா ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவரப் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, ஓரிரு நாளில் மீனை விடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் பாக்டீரியாவுக்குத் தீனி இருக்காது. பத்து தங்கமீன் வேண்டாம். அவை கழிவு அதிகம் போடும், பெரிதாகவும் வளரும். 200 லிட்டருக்கு இரண்டு மூன்றுக்கு மேல் நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் மூன்றையே திரும்ப விட்டால் சரியாக இருக்கும்.

ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் இத்தனை வாரம் வளர்த்தது ஒரே கழுவலில் போய்விடும்.