கௌபாயும் குதிரையும் வர்ற பழைய படம் ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா எதப் பாக்கலாம்?

லோன்லி ஆர் தி பிரேவ். 1962ல வந்தது, பிளாக் அண்ட் ஒயிட், கிர்க் டக்ளஸ் நடிச்சது. தான் நடிச்சதுலயே ரொம்பப் பிடிச்ச படம் இதுதான்னு அவரே சொல்லியிருக்காரு.

ஆனா பேங்க் கொள்ளை, நடுத்தெருவுல துப்பாக்கி சண்டைன்னு எதிர்பாத்து உக்காராதீங்க. கதை நடக்குறதே படம் எடுத்த அதே காலத்துலதான், நியூ மெக்சிகோல. முதல் சீன்ல நம்மாளு பர்ன்ஸ் (கிர்க் டக்ளஸ்தான்) தொப்பிய மூஞ்சில போட்டுட்டு பொட்டல்ல ஹாயா படுத்திருப்பான், மேல பாத்தா ஜெட் விமானம் கோடு கிழிச்சிட்டுப் போகுது. அப்புறம் குதிரைய ஓட்டிட்டு ஹைவேய கிராஸ் பண்ணுவான் பாருங்க, காரும் லாரியும் ஹாரன் அடிக்க அது மெரண்டு அங்கயும் இங்கயும் திமிர, நமக்கே பதறும்.

குதிரை பேரு விஸ்கி. சின்ன வயசு, சொன்ன பேச்சு கேக்காது. மத்த படங்கள்ல ஹீரோ விசில் அடிச்சா குதிரை ஓடி வரும்ல, இங்க அவன்தான் அதுகிட்ட கெஞ்சணும், திட்டணும்.

(இனிமே ஸ்பாய்லர், படம் பாக்கப் போறவங்க இங்கயே நிறுத்திக்கோங்க)

ஜெயில்ல இருக்குற ஃபிரண்ட வெளிய கொண்டு வரணும்னு இவனே வேணும்னு சண்டை போட்டு உள்ள போறான், ஃபிரண்டுக்கு பொண்டாட்டி புள்ள இருக்கு, தண்டனைய முடிச்சிட்டே வரேன்னுட்டான், சரின்னு இவன் மட்டும் கம்பிய அறுத்துட்டு தப்பிச்சு மலையில ஏறுறான். பின்னாடி ஜீப்பு, ஹெலிகாப்டர், வயர்லெஸ்ஸுன்னு ஒரு பட்டாளமே தொரத்துது. தனியா ஏறினா ஈஸியா அந்தப் பக்கம் போயிடலாம். குதிரைய இழுத்துட்டு அந்தப் பாறையில ஏறுறதுதான் பிரச்சனையே. ஒரு இடத்துல விட்டுட்டு கிளம்பிடுறான், ஆனா மனசு கேக்காம திரும்பி வந்து கூட்டிட்டுப் போறான். எனக்கு மொத்தப் படமும் அந்த ஒரு முடிவுலதான் நிக்குது. திரைக்கதை டால்டன் ட்ரம்போ.

ஒரே குறை, டாய்லெட் பீங்கான் ஏத்திட்டு ஒரு லாரி வந்துட்டே இருக்குறத நடுநடுவுல காட்டிட்டே இருப்பாங்க. எதுக்குன்னு நமக்கு சீக்கிரமே தெரிஞ்சிடுது, கொஞ்சம் கம்மியா காட்டியிருக்கலாம்.

தொரத்துற ஷெரிஃபா (அந்த ஊர் போலீஸ் தலைவர்) வால்டர் மேத்தாவ். சூயிங்கம் மென்னுட்டு, சலிச்சுக்கிட்டே, ஆனா தான் தொரத்துற ஆள் மேல ஒரு மரியாதையோட. ஆரம்பத்துல போலீஸ் ஐடி கார்டு கேட்டா பர்ன்ஸ்கிட்ட ஒண்ணுமே இருக்காது, நான் யாருன்னு எனக்குத் தெரியும், அதுக்கு எதுக்கு கார்டுங்குற ரகம். கடைசில மழை ராத்திரில அந்த லாரி மோதி பர்ன்ஸ் ஹைவேல அடிபட்டுக் கிடக்குறப்ப, நீங்க தேடுற ஆள் இவன்தானான்னு ஷெரிஃப கேக்குறாங்க. நான் தேடுன ஆள கிட்டத்துல பாத்ததே இல்ல, அடையாளம் சொல்ல முடியாதுங்குறாரு. ஆம்புலன்ஸ் ஏத்திட்டுப் போயிடுது, பொழைச்சானா இல்லையான்னு படம் சொல்லவே சொல்லாது. குதிரைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடும்.