பாரிஸில் இறங்கினால் பிரான்ஸ் விசாவா? ஷெங்கன் விண்ணப்பத்தில் பலரும் தடுமாறும் இடங்கள்

கேள்வி: மே மாதம் நானும் மனைவியும் 9 வயது மகளும் ஐரோப்பா போகிறோம். பாரிஸில் 3 இரவு, அங்கிருந்து ரயிலில் லண்டன் போய் 2 இரவு, பிறகு விமானத்தில் சூரிக். சுவிட்சர்லாந்தில் 5 இரவு, இத்தாலியில் 4 இரவு தங்கி ரோமிலிருந்து ஊர் திரும்புகிறோம். மூவருக்கும் இந்திய பாஸ்போர்ட். முதலில் இறங்குவது பாரிஸ் என்பதால் பிரான்ஸிடம்தானே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: இல்லை, சுவிட்சர்லாந்திடம் விண்ணப்பியுங்கள். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி, அதில் இன்று 29 நாடுகள் உள்ளன. அவற்றில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். எதுவும் முதன்மை இடம் என்று சொல்ல முடியாதபடி நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். சுவிட்சர்லாந்து கொடுத்த விசாவோடு பாரிஸில் இறங்குவதில் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை.

அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறொரு நாட்டில் ஹோட்டல் பதிவு காட்டி விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பயண நோக்கம் நம்பும்படி இல்லை என்பது நிராகரிப்புப் படிவத்தில் அச்சிடப்பட்டே இருக்கும் காரணங்களில் ஒன்று. நிராகரித்தால் கட்டணமும் திரும்பாது.

உங்கள் திட்டத்தில் உண்மையான சிக்கல் லண்டன்தான். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். அதைவிட முக்கியம், பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறும் முன்பே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிவிடும். ஒருமுறை நுழையும் விசா அத்துடன் தீர்ந்தது. சூரிக்கில் உள்ளே விட மாட்டார்கள். லண்டனில் விமானம் ஏறும்போதே நிறுத்திவிடவும் கூடும். ஆகவே விண்ணப்பப் படிவத்தில் எத்தனை முறை நுழைவு என்ற கேள்விக்கு இரண்டு அல்லது பலமுறை என்று குறியுங்கள். லண்டன் ரயில் பதிவையும் லண்டன்–சூரிக் விமானப் பதிவையும் இணைத்து, தேதிவாரியான பயணத் திட்டத்தை ஒரே தாளில் எழுதி மேலே வையுங்கள்.

நாட்களை இரவுக் கணக்கில் எழுதாதீர்கள். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டுமே முழு நாட்கள். மே 4 பாரிஸில் இறங்கி 7ஆம் தேதி லண்டன் போனால் 4 நாள். 9ஆம் தேதி சூரிக்கில் இறங்கி 18ஆம் தேதி ரோமிலிருந்து கிளம்பினால் 10 நாள். லண்டனை விட்டுவிட்டால் ஷெங்கனில் இரவுகள் 12தான், ஆனால் கேட்க வேண்டியது 14 நாள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து ஷெங்கன் விண்ணப்பம் கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் கூடாது. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். பிரிட்டன் விசாவுக்கோ 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். பாஸ்போர்ட் ஒன்றுதான் என்பதால் ஷெங்கனை முதலில் முடித்துவிட்டு லண்டனுக்குப் போடுவதே நல்லது. ஷெங்கன் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைக்கு 45. மூவருக்கும் 225 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் என்பதால் ஷெங்கன் விசாவுக்கு மகளிடம் கைரேகை எடுப்பதில்லை. அவளது படிவத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்திடுங்கள், பிறப்புச் சான்றிதழையும் சேருங்கள்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும், 2 பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொருந்த வேண்டும். லண்டன் நாட்களையும் அதே பாலிசியில் சேர்த்து வாங்குங்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பேங்க் கணக்கில் ஒற்றை எழுத்தாக இருக்கும், டிக்கெட்டில் வேறு மாதிரி இருக்கும். படிவம், டிக்கெட், ஹோட்டல், இன்ஷூரன்ஸ் நான்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பேங்க் கணக்கில் மட்டும் பெயர் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று பாஸ்போர்ட் எண்ணோடு பேங்க்கிடம் கடிதம் வாங்கி இணையுங்கள்.

சுவிட்சர்லாந்து, சொந்தச் செலவில் வருபவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 பிராங்க் என்று கணக்கிடுகிறது. அதைவிட அதிகமாகவே கணக்கில் காட்டுங்கள். ஆனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் யாரிடமோ வாங்கிப் போட்ட பெரிய தொகை உதவாது. மாதாமாதம் சம்பளமோ வியாபார வரவோ வந்து தங்கும் ஸ்டேட்மென்ட்தான் நம்பிக்கை தரும். வருமான வரித் தாக்கல் நகலும் அலுவலக விடுப்புக் கடிதமும் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கான சாட்சிகள். விமான டிக்கெட்டுக்கு விசா வரும் முன் முழுப் பணம் கட்ட வேண்டாம், முன்பதிவு போதும். ஹோட்டல் பதிவை மட்டும் விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்து செய்யாதீர்கள். தூதரகம் சரிபார்த்தால் சிக்கிக்கொள்வீர்கள்.

விசா கையில் வந்ததும் அங்கேயே நின்று மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள், எத்தனை நுழைவு. நுழைவு 1 என்றிருந்தால் உடனே மையத்தில் முறையிடுங்கள். மாற்றித் தராவிட்டால் லண்டனைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளி, ரோமிலிருந்து லண்டன் போய் அங்கிருந்து ஊர் திரும்பும்படி மாற்றிக்கொள்ளுங்கள். தேதிகளுக்கு இடையே கூடுதலாக 15 நாள் தெரிந்தால் அது தேதி தள்ளிப்போனால் உதவும் அவகாசம். அதிக நாள் தங்குவதற்கான அனுமதி அல்ல. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் முகப்படத்தோடு கணினியில் வரவும் போக்கும் பதிவாகும் முறை படிப்படியாக வந்திருக்கிறது, ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

விசா இருந்தும் எல்லையில் அதிகாரி கேள்வி கேட்கலாம். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவுகள், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் எடுக்க முடியாது.