புழக்கடையில் வில்: பட்ரஸைத் திருப்பி வையுங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் ஒன்றரை வருடமாக வில்வித்தை கற்கிறாள். 20 பவுண்டு இழுவிசை உள்ள ரிகர்வ் வில் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்தது) வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அகாடமி முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வாரம் இரண்டு நாள்தான் கூட்டிப்போக முடிகிறது. வீட்டுக்குப் பின்னால் 45 அடி நீளம், 20 அடி அகலத்துக்கு இடம் கிடக்கிறது. சுற்றி ஐந்தடி மதில். பின்பக்க மதிலை ஒட்டி பட்ரஸ் (அம்பு தைக்கிற கனமான இலக்குத் திண்டு) வைத்திருக்கிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிற பெரியவர், "இனிமேல் அம்பு விட்டால் போலீஸுக்குப் போவேன்" என்கிறார். இதற்கு லைசென்ஸ் உண்டா? மொட்டைமாடியில் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீருமா? மயில்கள் வேறு தினமும் வந்து போகின்றன.
- ஒரு தந்தை, பல்லடம்

பதில்: ஐயா, முதலில் அந்தப் பெரியவர் விஷயம். அவர் சொல்வது நியாயம். மூன்றடி உயர ஸ்டாண்டில் பட்ரஸ், அதன் பின்னால் ஐந்தடி மதில், அதற்கும் பின்னால் ஒரு மனிதரின் தலை. உங்கள் மகள் நூறில் தொண்ணூற்றொன்பது அம்பைச் சரியாக விட்டாலும் மீதி ஒன்று போகிற திசையில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

லைசென்ஸ் கவலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விளையாட்டுக்கான வில் அம்பு வாங்கவோ வீட்டில் வைத்திருக்கவோ துப்பாக்கிக்குப் போல உரிமம் கேட்பதில்லை. ஆனால் உரிமம் வேண்டாத பொருள் என்பதால் கேள்வி கேட்பாரில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்தாலே பொருந்தும். யாருக்கும் கீறல்கூட விழாவிட்டாலும் மூன்று மாதம் வரை சிறையோ, 2,500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. காயம் பட்டால் தண்டனை ஏறும். கண் போனால் அது கொடுங்காயம். மூன்று ஆண்டு வரை போகும். ஆக, பெரியவர் ஸ்டேஷனுக்குப் போனால் அவர் கையில் விஷயம் இருக்கிறது. அகாடமிக்குக் கொண்டுபோகும்போதும் வில்லைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். ஊரில் தடையுத்தரவு போட்டிருக்கும் நாட்களில் அம்புக் கூடு தோளில் தொங்கினால் வீண் விசாரணை.

மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். இரண்டரை அடிக் கைப்பிடிச் சுவர் எதையும் தடுக்காது. அதைத் தாண்டிய அம்பு எந்தத் தெருவில், யார் மேல் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கீழே நின்று விட்டால் குறைந்தபட்சம் மதில் என்று ஒன்றாவது இருக்கிறது.

மதிலும் எவ்வளவு தூரம் காக்கும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. நாணை இழுக்கும்போது வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, பிறகு இலக்குக்கு இறக்கும் கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு நாள் இறக்குவதற்கு முன்பே விரல் நழுவிவிட்டது. அம்பு பட்ரஸைத் தாண்டி, மதிலைத் தாண்டி, நாலாவது வீட்டு மாடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்துகொண்டிருந்தது. பிடுங்கினேன். அப்புறம்தான் குழாய் திறந்த மாதிரி பீச்சியடித்தது. தொட்டிக்குக் காசு கொடுத்ததுகூட மறந்துவிட்டது. அந்த மாடிக் கொடியில் ஐந்து நிமிடம் முன்பு வரை ஒரு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டதை மறக்க முடியவில்லை. உங்கள் மகளைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இழுக்க ஆரம்பிக்கும் நொடியிலிருந்தே அம்பின் முனை பட்ரஸுக்குள் இருக்க வேண்டும். ஒரு விரல்கடை மேலே போனாலும் அந்த அம்பை விடாமல் இறக்கச் சொல்லுங்கள்.

இப்போது இடத்துக்கு வருவோம். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை.

ஒன்று, திசையைத் திருப்புங்கள். மகள் பெரியவர் வீட்டு மதிலுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். பட்ரஸ் உங்கள் வீட்டுப் பின்சுவர் பக்கம் வரட்டும். ஐந்தடி மதிலுக்குப் பதில் ஒரு வீடே உயரத்துக்குத் தடுப்பாகக் கிடைக்கிறது. தப்பிப் போகிற அம்பு உங்கள் சுவரில்தான் படும். ஜன்னலும் வென்டிலேட்டரும் இல்லாத பகுதியாகப் பார்த்து வையுங்கள். சமையற்கட்டுக் கதவு அந்தப் பக்கம் திறக்குமானால் பயிற்சி நேரத்தில் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுங்கள். "கதவைத் திறக்காதே" என்று சொல்லிவைத்தால் போதாது. குக்கர் விசில் கேட்டதும் அந்தச் சொல் மறந்துபோகும். பக்கவாட்டுச் சந்தில் ஒரு கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுங்கள். பந்து பொறுக்க மதில் ஏறிக் குதிக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அதற்காக நீங்களோ வீட்டில் ஒரு பெரியவரோ கூடவே நிற்க வேண்டும், போனைப் பார்க்காமல்.

வெறும் சுவரில் பட்ட அம்பு திரும்பி வரும். அதனால் பட்ரஸுக்குப் பின்னால், மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற கனமான ரப்பர் பாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் எளிதில் கிடைக்கும். மேல் விளிம்பை மட்டும் கட்டி, கீழே ஆடும்படி விடுவதுதான் முக்கியம். இறுக்கி ஆணி அடித்த பாய் அம்பைத் திருப்பி அனுப்பும். தொங்குகிற பாய் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பட்ரஸ் தளர்ந்துபோயிருந்தால், பழைய சேலை வேட்டிகளைச் சாக்கில் கால் வைத்து மிதித்து ஓரடிக் கனத்துக்கு அடைத்துப் பாருங்கள். 20 பவுண்டு வில்லுக்கு அது தாங்கும். ஜிப், பட்டன், ஊக்கு எல்லாவற்றையும் முதலில் கத்தரித்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை, தூரத்தைக் குறைப்பது. 45 அடியும் இருக்கிறதே என்று முழுதையும் பயன்படுத்தத் தோன்றும். பதின்மூன்று மீட்டரில் நின்று மூன்று டிகிரி பிசகினால் அம்பு நடுவிலிருந்து 68 சென்டிமீட்டர் விலகும். நாலடி அகலப் பட்ரஸுக்கு வெளியே போய்விடும். அதே பிசகு ஐந்து மீட்டரில் 26 சென்டிமீட்டர்தான். பட்ரஸுக்குள்ளேயே அடங்கிவிடும். ஐந்து மீட்டரில் என்ன பயிற்சி என்று மகள் முகம் சுளிப்பாள். அவள் பார்த்த ஒலிம்பிக் போட்டியில் 70 மீட்டர், உள்ளரங்கப் போட்டியிலும் 18 மீட்டர். ஆனால் நிற்பது, தோள் இறங்குவது, நாணை இழுத்த கை தாடையில் ஒரே இடத்தில் பதிவது (ஆங்கர்), நாணை விடும்போது விரல் இளகுவது (ரிலீஸ்) எல்லாம் கிட்ட நின்றுதான் படியும். டார்கெட் ஃபேஸே (வட்டங்கள் போட்ட இலக்குத் தாள்) ஒட்டாமல் வெறும் பட்ரஸில் விடுவது தேசிய அளவில் ஆடுகிறவர்களுக்கும் உள்ள பயிற்சிதான். மஞ்சள் வட்டம் கண்ணில் படாதபோது கை என்ன செய்கிறது என்று உடம்புக்குத் தெரியவரும். (கண்ணை மூடிக்கொண்டு விடும் பயிற்சியையும் அகாடமியில் சொல்லித்தருவார்கள். அது கோச் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.) மூன்று மூன்று அம்பாக, ஒவ்வொன்றையும் வேறு வேறு இடத்தில் விடச் சொல்லுங்கள். கிட்ட நிற்கும்போது அம்பு மேலேயே அம்பு பட்டு நாக் (அம்பின் வாலில் நாண் மாட்டும் பகுதி) உடையும். அப்புறம் செலவு உங்களுக்கு. தூரத்தை வாரம் இரண்டு நாள் அகாடமியில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே பழகி ஜெயித்தவர் இல்லையா என்றால், இருக்கிறார். ஹரியானாவின் கைத்தல் பகுதியைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி வில்வித்தை வீரர் ஹர்விந்தர் சிங், 2020 ஊரடங்கில் குடும்ப வயலில் பயிற்சி செய்தார். அறுவடை முடிந்த நிலத்தை அவருடைய அப்பா வில்வித்தைக் களமாக ஆக்கிக் கொடுத்தார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தங்கம். ஆனால் அது வயல், ஐயா. நாலு பக்கமும் வீடு கிடையாது.

மயில் பற்றிக் கேட்டது நல்லது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லி இருக்கின்றன. மயில் முதல் அட்டவணையில் உள்ள பறவை. விளையாட்டுக்கு ஒரு அம்பு அதன் பக்கம் பறந்தால், மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை என்கிற பிரிவில் போய் நிற்பீர்கள். மகள் செய்ய மாட்டாள். லீவுக்கு வருகிற பையன்கள்? மயில் மதிலில் வந்து உட்கார்ந்தால் வில்லைக் கீழே வைத்துவிட்டு அது போகும்வரை காத்திருப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் வருகை என்றதும் இன்னொன்று. "ஒரே ஒரு தடவை இழுத்துப் பாக்கறேன் மாமா" என்று எவனாவது அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுவிடுவான். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுக்க லிம்புக்குள் (வில்லின் வளையும் கைகளுக்குள்) திரும்பும். லிம்ப் விரிசல் விடும், சில நேரம் முகத்துக்கு நேரே தெறிக்கும். பயிற்சி முடிந்ததும் ஸ்ட்ரிங்கர் (நாண் மாட்டவும் கழற்றவும் உதவும் கயிறு) போட்டு நாணைக் கழற்றி வில்லை ஒரு பக்கமும், அம்பை இன்னொரு பீரோவில் பூட்டியும் வையுங்கள். கார்பன் அம்பாக இருந்தால் தினமும் ஒவ்வொன்றையும் இலேசாக வளைத்துக் காதருகே பிடித்துப் பார்க்கட்டும். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் அதை உடைத்துக் குப்பையில் போட வேண்டும். விரிசல் விட்ட கார்பன் அம்பு விடும்போதே சிதறி இடது கையில் ஏறும்.

இதையெல்லாம் மாற்றி வைத்த பிறகு, மகளையும் அழைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். சமாதானம் பேச வேண்டாம். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கய்யா" என்று கூப்பிடுங்கள். பட்ரஸ் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவரே காணட்டும். மாலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை என்று நேரம் சொல்லி, அதைத் தாண்டாதீர்கள். அவர் வந்து பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அகாடமி நாட்களை மூன்றாக்க வழி தேடுங்கள். நாற்காலியை நகர்த்தச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதீர்கள். கொய்யா மரம் அவருடையது.