பழுது நீக்கும் மரபணுவை ஏன் இடம் மாற்றிப் பார்க்கிறார்கள்?

கேள்வி: சென்னையில் முதுநிலை நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள், அடையாற்றங்கரை மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவின் ‘ரெக்ஏ’ மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அது அங்கே டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்கிறதா என்று ஆறு மாதமாக ஆராய்ந்துவருகிறாள். இரண்டு மரபணுக்களின் வரிசைகளையும் கணினியில் அருகருகே வைத்தாலே ஒற்றுமை தெரிந்துவிடாதா? இதில் அவளுக்கு ஆபத்து ஏதும் உண்டா?
- ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: ஒற்றுமை தெரிந்துவிடும், ஐயா. அந்த மரபணு உயிருள்ள செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது. ஈ.கோலையில் 1965-இல் அடையாளம் காணப்பட்ட ரெக்ஏ, அறுந்துபோன டி.என்.ஏ. இழையைப் பற்றிக்கொண்டு, அதே வரிசையுள்ள முழு இழை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை மாதிரியாக வைத்துச் சேதத்தைச் சரிசெய்ய வழிவகுக்கும் புரதத்துக்கான மரபணு. மனித உடலிலும் ‘ராட்51’ என்ற உறவுக்காரப் புரதம் இதே பணியைச் செய்கிறது.

கணினி ஒப்பீடு எங்கே நின்றுவிடும் என்பதற்குக் காசநோய்க் கிருமியே நல்ல சான்று. அதன் ரெக்ஏ மரபணு, ஈ.கோலையில் உள்ளதைப் போல் இருமடங்குக்கும் மேல் நீளமானது. நடுவில் சம்பந்தமே இல்லாத ஒரு நீண்ட பகுதி நுழைந்து கிடக்கிறது. வரிசையை மட்டும் பார்ப்பவர் இது பழுதான மரபணு என்றே முடிவு கட்டியிருப்பார். அதை ஈ.கோலைக்குள் குளோனிங் செய்து, அதாவது நகலெடுத்துச் செலுத்தி, இயக்கிப் பார்த்தபோதுதான், 85 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பெரிய புரதம் முதலில் உருவாகி, பின்பு இடையிலுள்ள பகுதியைத் தானே வெட்டி வெளியேற்றி, இரு முனைகளையும் ஒட்டிக்கொண்டு, 38 கிலோடால்டன் எடையுள்ள முறையான ரெக்ஏ புரதமாகிறது என்பது 1992-இல் வெளிவந்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த, நோய் உண்டாக்காத ஸ்மெக்மாடிஸ் பாக்டீரியாவின் ரெக்ஏ மரபணுவில் அந்த இடைச்செருகல் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ‘மியூட்எஸ்’, ‘மியூட்எல்’ மரபணுக்கள் காசநோய்க் கிருமியில் இல்லவே இல்லை. ஆயினும் பிழைகள் பெருகிவிடவில்லை. ‘நியூக்எஸ்’ என்ற முற்றிலும் வேறான புரதம் அந்தப் பணியைச் செய்வதாக 2017-இல் கண்டறிந்தார்கள். பெயரையும் வரிசையையும் ஒப்பிட்டிருந்தால் ‘இல்லை’ என்ற விடையோடு நின்றிருப்போம். இந்தக் கிருமி மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுவதே தன் டி.என்.ஏ.வில் நேரும் மாற்றங்களால்தான் என்பதால், 1956 முதல் காசநோய் ஆராய்ச்சி நடந்துவரும் நம் சென்னையில் இந்த விஷயம் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மகளுக்கு இரண்டு செய்திகள். குளோனிங்குக்கு வழக்கமாகப் பயன்படும் டி.எச்.5 ஆல்ஃபா என்ற ஈ.கோலை வகையில் ரெக்ஏ ஏற்கெனவே செயலிழந்திருப்பதால், புதிய மரபணு அந்தக் குறையை நிரப்புகிறதா என்று அதிலேயே சோதிக்கலாம். ஆனால் மரபணு செருகப்படாத வெறும் பிளாஸ்மிட் (மரபணுவை ஏற்றிச் செல்லும் டி.என்.ஏ. வளையம்) கொண்ட செல்களையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும். டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவதற்காகப் புறஊதாக் கதிர் காட்டிய பாக்டீரியாத் தட்டுகளை உடனே இருட்டில் வைக்க வேண்டும். ஏனெனில் சாதாரண வெளிச்சம் பட்டாலே ‘ஃபோட்டோலயேஸ்’ நொதி சேதத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். 1949-இல் கெல்னர் என்ற ஆய்வாளர் கண்டறிந்த இந்த விளைவைக் கவனிக்காவிட்டால், பிழைத்த செல்களின் எண்ணிக்கையை நம்ப முடியாது.

ஆபத்து என்றால், ஆய்வகத்துக்கென வளர்க்கப்பட்ட அந்த ஈ.கோலையைவிடப் புறஊதா விளக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கண்ணையும் தோலையும் அது சுட்டுவிடும்; முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பும் கையுறையும் இல்லாமல் விளக்கைப் போடவே கூடாது. பிளாஸ்மிட்டில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவும் இருக்கும் என்பதால், வேலை முடிந்த தட்டுகளையும் பாக்டீரியா வளர்த்த திரவங்களையும் ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் அவித்த பிறகே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.