மாடித் தோட்டம்: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: வயல் வண்டல் மண்ணை மட்டும் பைகளில் நிரப்பிக் கத்தரி வைத்தேன். ஊற்றும் தண்ணீர் மேலேயே நிற்கிறது. அடி இலைகள் மஞ்சளாகின்றன. இன்னும் உரம் போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். வேருக்குக் காற்று போகவில்லை. இப்போது உரம் போட்டால் வேர் இன்னும் கெடும். காவிரி வண்டல் நெல்லுக்கு அருமையான மண்தான், ஆனால் களி மிகுந்தது. பைக்குள் நனைந்தால் இறுகும், காய்ந்தால் ஓரம் விட்டு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே தண்ணீர் ஓடிவிட, நடுமண் வறண்டே கிடக்கும்.

மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு எடுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேருங்கள். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். அரிசி ஆலைச் சாம்பல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். மண்ணின் காரத்தன்மை கூடும். பையின் அடித்துளைகளைக் குச்சியால் குத்திப் பார்த்து, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இதை முடித்துவிடுங்கள். நனைந்த பை நல்ல கனம். தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரம் வரிசையாக வைப்பதே நல்லது.

கேள்வி: வெண்டை இலையில் மஞ்சள் வலை போல நரம்பு தெரிகிறது. மருந்து உண்டா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: மஞ்சள் நரம்புத் தேமல், வைரஸ் நோய். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பரப்புவது வெள்ளை ஈ. மீதிச் செடிகளில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளியுங்கள்.