சிக்கலான ஃபைனைட் எலிமெண்ட் மாதிரியில் குறிப்பிட்ட எலிமெண்ட்களை மட்டும் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திரையில் மவுஸால் தேர்வுக் கட்டம் இழுத்தால் முன்னால் தெரியும் எலிமெண்ட்களோடு (கணக்கிடுவதற்காக மாதிரியைப் பிரித்திருக்கும் சிறு துண்டுகள்) பின்னால் மறைந்திருப்பவையும் சேர்ந்து சிக்கிக்கொள்கின்றன, ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் பொழுது போதவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வேலையில் சேர்ந்து, வேறொருவர் உருவாக்கிய பெரிய மாதிரியைக் கையில் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இத்தகைய கேள்விக்கு, 'ஸ்கிரிப்ட் (தானாகத் தேர்ந்தெடுக்கும் சிறு நிரல்) எழுதுங்கள், கையால் சொடுக்குவது பொறியாளர் வேலையல்ல' என்ற பதில்தான் முதலில் வரும். அதை நான் ஏற்கவில்லை. பிரிக்க வேண்டிய காரணம் வடிவத்திலேயே இருந்தால் ஸ்கிரிப்ட் போதும். காரணம் ஒரு தொழிலாளி இரும்பின்மேல் சாக்கட்டியால் போட்ட கோட்டில் இருந்தால், கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை ஆலைகளின் கலன்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பழக்குலைகளை வண்டியோடு உள்ளே தள்ளி, ஏறத்தாழ 3 பார் நீராவியில் அவிக்கும் படுக்கைவாட்டுக் கலன்கள் இவை. நீராவி குளிர்ந்து இறங்கும் நீரும் பழத்திலிருந்து வடியும் அமிலச் சாறும் அடியில் தேங்குவதால், கலனின் அடித்தட்டுதான் முதலில் அரிக்கும். ஒரு பழைய கலன் இன்னும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்கிட வேண்டியிருந்தது. தடிப்பை மீயொலிக் கருவியால் அளக்கும் அண்ணன் அடிப்பகுதி முழுவதையும் 100 மில்லிமீட்டர் கட்டங்களாகச் சாக்கட்டியால் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் அளவையும் தாளில் எழுதிக் கொடுத்தார். 16 மில்லிமீட்டராக இருந்த தட்டு சில கட்டங்களில் 11-க்கு இறங்கியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் 14 இருந்தது. அந்த அரிப்புக்கு எந்தச் சூத்திரமும் இல்லை. அதனால் ஒவ்வொரு கட்டத்திற்கும் உரிய எலிமெண்ட்களைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அங்கே அளந்த தடிப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. தாளில் 'தண்டவாளத்திற்கு இடப்பக்கம்' என்று இருந்ததற்கு, 'அண்ணே, கதவுப் பக்கம் நின்று பார்த்தா, உள்ளேயிருந்து பார்த்தா?' என்று அவரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நான் மாதிரியைத் திறந்தேன்.

என் மெஷ், அதாவது எலிமெண்ட்கள் சேர்ந்த வலை, ஷெல் எலிமெண்ட்களால் ஆனது; இவை தட்டை ஒரு பரப்பாக மட்டும் காட்டி, தடிப்பைத் தனி எண்ணாக வைத்துக்கொள்பவை. எலிமெண்ட்டின் பக்கம் சுமார் 25 மில்லிமீட்டர். எனவே ஒரு சாக்கட்டிக் கட்டத்திற்கு 16 எலிமெண்ட்கள் வர வேண்டும். இந்த எண்ணை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய பாதுகாப்பு. கீழிருந்து பார்த்துக் கட்டம் இழுக்கும்போது 32 என்று காட்டினால், நேர் மேலே இருக்கும் கூரைப் பக்கத் தட்டும் சேர்ந்துவிட்டது என்று பொருள். 48-ஐ ஒட்டிக் காட்டினால், அடியில் பதித்த உள்தகடும் உள்ளே வந்துவிட்டது. படம் அழகாகத்தான் தெரியும், எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே தேர்ந்தெடுக்கும் முன் மறைக்க வேண்டும். தண்டவாளம், உள்தகடு, தாங்கிகள், கதவு வளையம் ஆகிய அனைத்தையும் அணைத்துவிட்டு, உருளையின் மேல்பாதியையும் மறைத்தேன். ஹைப்பர்மெஷ் மென்பொருளில் மாஸ்க், அபாகஸ் மென்பொருளில் டிஸ்ப்ளே குரூப் என்று பெயர் மாறினாலும் பயன் ஒன்றே: திரையில் இல்லாததைக் கட்டம் பிடிக்காது. அதன் பிறகு கட்டம் இழுப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

அடுத்தது கோண முறை. அபாகஸில் ஒரு முகத்தைத் தொட்டால், பக்கத்து முகம் குறிப்பிட்ட கோணத்திற்குள் திரும்பியிருக்கும்வரை தேர்வு பரவிக்கொண்டே போகும்; தொடக்கத்தில் அது 20 டிகிரியாக இருக்கும். 2.1 மீட்டர் விட்டமுள்ள உருளையைச் சுற்றி 25 மில்லிமீட்டர் எலிமெண்ட்கள் ஏறத்தாழ 264 வரும் என்பதால், அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே ஒன்றரை டிகிரிகூட இல்லை. ஒரே சொடுக்கில் உருளை முழுவதும் சிவந்துவிடும். பலர் இதைக் கண்டு அந்த முறையையே கைவிட்டுவிடுகிறார்கள். கோணத்தை 1 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள்: சுற்றுவாட்டில் பரவல் நின்றுவிடும், நீளவாட்டில் மட்டும் ஓடும். மெஷ் ஒழுங்கான நாற்கரங்களாக இருந்தால், அடியில் ஓடும் ஒரு வரிசை முழுதாக, பிசிறின்றிக் கையில் கிடைக்கும். வேண்டாத நுனிகளை அதிலிருந்து கழிப்பது எளிது.

நோட்களை, அதாவது எலிமெண்ட்களின் மூலைப் புள்ளிகளைப் பிடித்து, அவற்றோடு ஒட்டியவற்றை எடுக்கும் குறுக்குவழியை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். 16 எலிமெண்ட் உள்ள கட்டத்தில் 25 நோட்கள் இருக்கும். அவற்றைத் தொடும் எலிமெண்ட்களோ 36. சுற்றிலும் ஒரு வரிசை கூடுதலாக மெலிந்துவிடும்.

உங்கள் மாதிரி சாலிட் எலிமெண்ட்களால் (தடிப்பையும் சேர்த்து நிரப்பும் கனத் துண்டுகளால்) ஆனதாக இருந்தால் நான் சொன்னவற்றுள் சில அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே பொதுவாகத் திரையில் வரையப்படுவது வெளிமுகங்கள் மட்டுமே. உள்ளே இருப்பதைத் தொட வேண்டுமானால் வெளியடுக்கை அடுக்கடுக்காக மறைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு தொகுதிக்கும் அந்த அண்ணன் தாளில் எழுதிய கட்டத்தின் பெயரையே வைத்தேன். பிறகு தடிப்புவாரியாக நிறம் கொடுத்து, உள்ளேயிருந்து பார்க்கும் கோணத்தில் திருப்பி, தாளை அருகில் வைத்துச் சரிபார்த்தேன். இந்தச் சரிபார்ப்புக்கு நேரம் தர மறுத்து, வண்ணப் படம் மட்டும் உடனே வேண்டும் என்று அவசரப்படுத்தும் மேலாளர்களை எனக்குத் தெரியும். அந்தக் கலனின் கதவுக்கு முன்னால் நின்று வேலை செய்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். அவசரத்திற்கு நான் இணங்கியதில்லை.

மறுபடி மெஷ் செய்தால் எலிமெண்ட் எண்கள் மாறிவிடும் என்பதால், எண்களை எழுதி வைத்துக்கொள்வதில் பயனில்லை. மெஷ் இன்னும் மாறும் என்று தெரிந்தால், சாக்கட்டிக் கோடுகளை முதலிலேயே வடிவத்தின்மேல் பிரிவுகளாக வரைந்து, தொகுதிகளை அந்தப் பிரிவுகளோடு கட்டிவிடுங்கள். அடுத்த ஆய்வில் புதிய தடிப்பு அளவுகள் வரும்போது, தடிப்பு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.